இத்தாலிக்கு வந்த பட்டம்

ஒரு சொல்லை நம்பிக் கெட்டவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவரும் எங்கள் திருவண்ணாமலையில் இருக்கிறார். பங்காளியை நம்பிக் கெட்டவர்கள், பிளாட் போட்டு விற்றவனை நம்பிக் கெட்டவர்கள், மந்திரித்த கயிற்றை நம்பிக் கெட்டவர்கள் தெருவுக்கு நாலு பேர் கிடைப்பார்கள். அகராதியை நம்பிக் கெட்டவரை வேறு எந்த ஊரிலாவது நீங்கள் பார்த்திருந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து கும்பிட்டுவிட்டுப் போகிறேன்.

அவரை இத்தாலி என்றுதான் கூப்பிடுவோம். பிறந்தது கீழ்பென்னாத்தூர், குடியிருப்பது அடி அண்ணாமலை. இத்தாலி இருக்கும் திசையில் அவர் அதிகபட்சம் போனது செங்கம் வரைக்கும். அதுவும் ஒரு காதுகுத்துக்கு வயலின் வாசிக்கப் போய், சாம்பார் தீர்ந்து, ரசம் சோறு சாப்பிட்டுவிட்டுத் திரும்பியவர்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே மனு டைப் அடித்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். சாயங்காலமானால் ஒரு மெல்லிசைக் குழுவில் மைக் பிடித்து அறிவிப்புச் செய்பவன். பகலெல்லாம் ‘மேற்படி மனுதாரர் ஆகிய நான்’, மாலையானால் ‘இதோ, உங்கள் அபிமான கானக்குயில்’. இரண்டிலும் எவ்வளவு உண்மை இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

குழுவின் முதலாளி எக்கோ அண்ணன். மைக்கில் எக்கோவைக் கூட்டி வைக்காமல் அவர் பாட மாட்டார்; கூட்டி வைத்தால் நாம் கேட்க முடியாது. அவருக்கு நான் சூட்டிய பட்டம் ‘தென்னகத்தின் தேன்குரல்’. தபேலாக்காரர் ‘தாளப் புயல்’. பாடுகிற அம்மா ‘கானக்குயில்’. இருமல் வந்தால் ‘கரகரக் குயில்’. எங்கள் ஊரில் பட்டம் கொடுக்க யாரும் யோசிப்பதில்லை. வார்டு தேர்தலில் தோற்றவரை ‘வெற்றிச் சூரியன்’ என்று பேனர் அடித்து ரவுண்டானாவில் கட்டுகிற ஊர் இது. குழுவில் பட்டம் இல்லாமல் இருந்தவர்கள் இரண்டு பேர்தான்: ஜெனரேட்டர்காரரும் வயலின்காரரும். வயலின்காரருக்கு ‘வயலின் வேந்தர்’ என்று வைத்துப் பார்த்தேன்.

“வேணாம்பா. மாமியார் வீட்ல சிரிப்பாங்க” என்றார்.

அப்படிப்பட்டவருக்குத்தான் ஒரு நாள் காலையில் பட்டம் வந்தது. கிரிவலப் பாதையில் அவர் மனைவி நடத்தும் டீக்கடை இருக்கிறது. கடைக்குப் பின்னால் உட்கார்ந்து அவர் சாதகம் செய்துகொண்டிருந்தார். செருப்பில்லாமல் மலையைச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள் டீ குடிக்க நின்றாள். நம் ஊருக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள் எல்லாவற்றுக்கும் நிற்பார்கள். பசுவைப் பார்த்து நிற்பார்கள், சுவரில் தட்டிய வரட்டியைப் பார்த்து நிற்பார்கள், தெருக்குழாயில் நடக்கும் சண்டையைப் பார்த்துக் கை கூப்பி நிற்பார்கள். அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த அம்மாள் டீ ஆறிப்போகிற வரைக்கும் நின்று கேட்டாளாம். பிறகு மார்பில் கை வைத்து, “விர்ச்சுவோசோ!” என்றாளாம். எந்த ஊர் என்று இவர் கேட்க, “இத்தாலி” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினாள். குபேர லிங்கம் போய்ச் சேருவதற்குள் அவளுக்கு இது மறந்திருக்கும். இவருக்குத்தான் மறக்கவில்லை.

அன்றைக்கு ஒத்திகைக்கு வந்தவர் வயலின் பெட்டியைக்கூடத் திறக்கவில்லை.

“நீ எனக்கு ஒரு பட்டம் வெச்சியே, அது வேணாம்னு சொன்னேன் இல்ல? இப்ப வந்துடுச்சு. உன்னுது மாதிரி லோக்கல் இல்ல. இத்தாலி பட்டம்!”

எக்கோ அண்ணனுக்கு அதைக் கேட்டதும் கண் மின்னியது. “ஃபாரின் பட்டமா? பேனர்ல போடு, பெருசாப் போடு. ரேட்டை ஏத்திடலாம்” என்றார். அன்றோடு வயலின்காரர் என்ற பெயர் போய் இத்தாலி என்ற பெயர் வந்தது.

அடுத்த நாளே என் கடைக்கு வந்தார். முதியோர் பென்ஷன் மனுவுக்காக உட்கார்ந்திருந்தவரை “கொஞ்சம் தள்ளி உக்காருங்க ஐயா” என்று நகர்த்திவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

“அந்த வார்த்தைக்கு இன்னா அர்த்தம்னு பாரு. நாளைக்கு எவனாச்சும் கேட்டா முழிக்கக் கூடாது.”

தேடிப் பார்த்துச் சொன்னேன். இத்தாலியச் சொல். ஒரு கலையில், முக்கியமாக இசையில், கரை கண்டவரைச் சொல்வது. வேரைத் தேடிப் போனால் லத்தீனில் ‘விர்’. ஆண்மகன் என்று பொருள். அதிலிருந்து ‘விர்த்தூஸ்’: திடம், வீரம், மேன்மை, பிறகு மெல்ல நற்குணம். அந்த நற்குணத்தை வைத்துத்தான் இத்தாலிக்காரர்கள் இந்தச் சொல்லைச் செய்துகொண்டார்கள். ஆரம்பத்தில் இது வாசிப்பவருக்கு மட்டுமான சொல் இல்லை. படித்தவர், அறிவாளி, கலைகளில் தேர்ந்தவர் எல்லோரையும் மரியாதையாக இப்படிச் சொன்னார்கள். காலம் போகப் போக மேடையில் வாசிப்பவரிடம் வந்து ஒட்டிக்கொண்டது. அதற்கும் பிற்பாடு சிலர் இதையே நக்கலாகவும் சொல்ல ஆரம்பித்தார்கள்: விரலில் வித்தை ஜாஸ்தி, உள்ளே சரக்கு கம்மி என்று.

கடைசிப் பகுதியைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. “அந்தம்மா எந்த அர்த்தத்துல சொல்லிச்சு?”

“மார்ல கைய வெச்சுச் சொன்னாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க. நக்கல் பண்றவங்க அப்படிச் சொல்ல மாட்டாங்கண்ணா.”

சமாதானமானார். “தமிழ்ல வித்தகர்னு போட்டுடலாமாண்ணா?” என்று கேட்டேன்.

“வித்தகர்னு போட்டா நம்ம ஊர்ல ஜோசியக்காரன்னு நெனச்சு கைய நீட்டுவாங்க” என்றவர், திரையில் அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்தார். பிறகு கேட்டார்: “அப்ப இது நல்லவன்ற அர்த்தமா, வாசிக்கத் தெரிஞ்சவன்ற அர்த்தமா?”

“மொதல்ல அது. அப்புறம்தான் இது.”

“அப்ப அது இல்லாம இது இல்ல.”

அவ்வளவுதான். எழுந்து போய்விட்டார். பென்ஷன் மனுக்காரர் என்னைப் பார்த்து, “யாரு தம்பி இவரு, எதுனா சாமியாரா?” என்று கேட்டார். நான் இல்லை என்றேன். ஆனால் அன்று சாயங்காலத்திலிருந்து அவர் அப்படித்தான் ஆகிப்போனார்.

முதல் பலி கானக்குயில். நிகழ்ச்சி முடிந்து, “எப்டிண்ணா பாடினேன்?” என்று வழக்கம்போலக் கேட்டார். வழக்கமாக இத்தாலி “சூப்பர்மா” என்பார். அன்று, “ரெண்டாவது சரணத்துல சுருதி பஸ் ஸ்டாண்டு பக்கம் போயிடுச்சும்மா. மூணாவதுலதான் திரும்பி வந்துச்சு” என்றார். குயில் அழுதுகொண்டே ஆட்டோவில் ஏறியது. அடுத்த பலி ஒரு மாப்பிள்ளை. ரிசப்ஷனில் ஒரு பாட்டுப் பாட ஆசைப்பட்டவரிடம், “நீங்க பாடினா பொண்ணு வீட்டுக்காரங்க மறுபடி யோசிப்பாங்க” என்றார். அதற்கு அடுத்தது எக்கோ அண்ணனே. “எக்கோவைக் கொறச்சுக்கினு பாடுங்க அண்ணா, ஜனங்க உண்மையைத் தெரிஞ்சுக்கட்டும்” என்றார்.

வீட்டிலும் இதே கூத்து. அவர் மனைவியை நாங்கள் அண்ணி என்போம். வாயைத் திறந்தால் நாலு கடைக்குக் கேட்கும். ஒரு நாள் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“ஏன் தம்பி, அந்த வெள்ளைக்காரம்மாவுக்கு வேற வார்த்தையே கெடைக்கலையா? ‘நல்லா இருக்கு’னு சொல்லிட்டுப் போயிருந்தா ஒரு டீயோட முடிஞ்சிருக்கும். இப்ப இந்த மனுசன் கடையில உக்காந்துக்கினு, ‘இன்னிக்கு பால் கொஞ்சம் தண்ணிங்க, பக்கத்துக் கடையில குடிங்க’னு அனுப்பறாரு. இன்னாதான் அர்த்தமாம் அதுக்கு?”

சொன்னேன். வேரில் ஆண்மகன் இருக்கிறான் என்றதும் அண்ணிக்குக் கோபம் ஏறியது. “அப்ப பொம்பளை வாசிச்சா கெடையாதா?”

“அவங்களுக்கும் உண்டுங்க அண்ணி. விர்ச்சுவோசானு சொல்லுவாங்க.”

“அங்கயாச்சும் குடுத்தானுங்களே” என்றவர், டீயை ஓங்கி ஆற்றினார்.

இப்போது தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இப்போதெல்லாம் பாதி மெல்லிசைக் குழுக்களில் யாரும் வாசிப்பது இல்லை. பாட்டின் வாத்திய இசை முழுக்க ஒரு பென்டிரைவில் இருக்கும். அது ஓடும், பாடுகிறவர் மேலே பாடுவார், வாத்தியக்காரர்கள் கையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மேடை நிறைந்து தெரிய வேண்டுமே. தபேலாவில் மெல்லத் தட்டிக்கொள்ளலாம். கீபோர்டை அணைத்துவிட்டு விரலை ஓட்டலாம். வயலின்தான் தொல்லை, வில்லை இழுத்தால் சத்தம் வந்துவிடும். அதற்கும் ஒரு வழி உண்டு. வில்லின் மயிரில் ரோசின் என்ற பிசின் கட்டியைத் தேய்த்தால்தான் தந்தி பேசும். பழைய பிசினைச் சுத்தமாகக் கழுவிவிட்டால் எவ்வளவு இழுத்தாலும் வயலின் ஊமை. சாதகத்துக்கான வில்லை வீட்டில் வைத்துவிட்டு, மேடைக்கென்று தனியாக ஒரு வில்லை ஷாம்பு போட்டு இத்தாலியைக் கழுவ வைத்தார் எக்கோ அண்ணன். பெட்டியில் இருந்த ரோசின் கட்டியையும் வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மற்ற எல்லோரும் இதற்குப் பழகிவிட்டோம். கையாட்டிப் பிழைப்பது எங்களுக்குப் புதிதா என்ன? இத்தாலியும் பழகித்தான் இருந்தார். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரிந்த பிறகுதான் அவருக்குத் தூக்கம் போனது. ஒரு கல்யாணத்தில் தாம்பூலப் பையை வாங்க மாட்டேன் என்றார். “வெறும் கைய ஆட்டினதுக்கு எதுக்குங்க தேங்காய்?” என்று பெண்ணின் அத்தையிடமே கேட்டார். அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. எக்கோ அண்ணனுக்குப் புரிந்துவிட்டது.

“இங்க பாரு. உனக்கு இந்த மேடையை விட்டா வேற மேடை கெடையாது. நெனப்புல வெச்சுக்கோ” என்றார்.

அது உண்மை. இத்தாலிக்குக் கச்சேரி வாய்ப்பு கிடையாது. அதற்கான குருவும் இல்லை, சிபாரிசுக்கு ஆளும் இல்லை. நாலு பேர் முன்னால் வயலினோடு உட்கார அவருக்கு இருந்தது அந்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலிதான். அதற்காகத்தான் இத்தனை வருஷம் ஊமை வில்லை இழுத்துக்கொண்டிருந்தார். பசிக்கு டீக்கடை இருந்தது. இது வேறு பசி.

கீழ்பென்னாத்தூரில் ஒரு மணிலாக் கடலை மண்டிக்காரர் வீட்டு ரிசப்ஷன். இத்தாலி பிறந்த ஊர். பங்காளிகள், கூடப் படித்தவர்கள் எல்லாம் முன்வரிசையில் இருந்தார்கள். மண்டப வாசலில் அவர் படம் போட்ட பேனர். படத்துக்கு மேல் அவரை விடப் பெரிய எழுத்தில் ‘விர்ச்சுவோசோ’. நான் வழக்கம்போல அந்தச் சொல்லை உருட்டி உருட்டி அறிவித்தேன். கை தட்டினார்கள். பென்டிரைவ் ஓட ஆரம்பித்தது. பாட்டின் நடுவில் வயலின் தனியாக உருகுகிற இடம் ஒன்று வரும். அந்த இடத்தில் இத்தாலி வில்லைக் கீழே வைத்தார். வயலினை மடியில் வைத்துக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டார். ஸ்பீக்கரில் வயலின் அது பாட்டுக்கு அழுதுகொண்டே இருந்தது.

முதலில் வாண்டுகள் சிரித்தன. பிறகு விசில் வந்தது. அப்புறம் செல்போன்கள் மேலே எழுந்தன. இத்தாலி எழுந்து என் கையிலிருந்த மைக்கை வாங்கினார்.

“எல்லாருக்கும் வணக்கமுங்க. இப்ப நீங்க கேக்கறது நான் வாசிக்கறது இல்லீங்க. பென்டிரைவ் வாசிக்குது. நான் வாசிக்கணும்னா அதை நிறுத்தச் சொல்லுங்க.”

பாட்டு நின்றது. மண்டிக்காரர் முதல் வரிசையிலிருந்து எழுந்தார். “யோவ், இன்னாய்யா, கல்யாண ஊட்ல வந்து பஞ்சாயத்து பேசிக்கினு இருக்க? ஏதோ ஒண்ணு வாசிச்சுத் தொலை!”

இத்தாலி இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு புது ரோசின் கட்டியை எடுத்தார். எங்கே, எப்போது வாங்கினாரோ. எல்லோர் முன்னாலும் நிதானமாக வில்லில் தேய்த்தார். சுருதி சேர்த்தார். கண்ணை மூடி மோகனத்தை எடுத்தார்.

இப்படிப்பட்ட கதைகளில் இந்த இடத்தில் கூட்டம் மெய்மறக்க வேண்டும். கிழவிகள் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டும். மண்டிக்காரர் ஓடி வந்து பொன்னாடை போர்த்த வேண்டும். நடந்தது வேறு. அவர் இரண்டு வரி வாசிப்பதற்குள் மண்டபத்தின் பின்பக்கமிருந்து ஒருவர் கத்தினார்: “பந்தி போட்டாச்சு, சாப்பிட வாங்க!”

பந்திக்கு முந்து என்று நம் முன்னோர் சொன்னதை எங்கள் ஜில்லாக்காரர்கள் போலக் காப்பாற்றியவர்கள் வேறு இல்லை. நாற்காலிகள் இழுபடும் சத்தத்தில் மோகனம் மூழ்கியது. பங்காளிகள் போனார்கள். கூடப் படித்தவர்கள் போனார்கள். மண்டிக்காரர் இலையைக் கவனிக்கப் போனார். மாப்பிள்ளையும் பெண்ணும் மாலையோடு நகர முடியாததால் நின்றார்கள். அவர்களையும் போட்டோகிராபர் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு சித்தப்பா மட்டும், இத்தாலி மைக் வாங்கியதிலிருந்து செல்போனில் எடுத்துக்கொண்டிருந்த படத்தை நிறுத்தாமலே மெல்ல நடந்து போனார்.

நான் கேட்டேன். உள்ளதைச் சொல்ல வேண்டும். இத்தாலி நன்றாக வாசிப்பவர். அந்தப் பட்டத்தின் அளவுக்கு வாசிப்பவரா என்றால், இல்லை. வேகமாகப் போகிற ஓர் இடத்தில் விரல் நழுவியது. அதை நான் கவனித்தேன். வேறு யாரும் கவனிக்கவில்லை, கவனிக்க அங்கே ஆளும் இல்லை. ஆனால் அந்த மேடையில் அத்தனை வருஷத்தில் நான் கேட்ட முதல் நிஜமான சத்தம் அது. கண் திறந்து பார்த்த இத்தாலி, காலி நாற்காலிகளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பெட்டியை மூடினார்.

எக்கோ அண்ணன் அந்த இடத்திலேயே அவரைக் குழுவை விட்டு அனுப்பிவிட்டார். சாப்பிட்டுவிட்டுப் போ என்றுகூடச் சொல்லவில்லை.

சித்தப்பா எடுத்த படம் ஊரெல்லாம் சுற்றியது. ‘பென்டிரைவ் வாசிக்குது’ என்பதை மட்டும் வெட்டி, கீழே சிரிக்கும் பொம்மைகள் போட்டு அனுப்பிக்கொண்டார்கள். என் கடைக்கு மனு எழுத வந்தவர்கள்கூடக் காட்டினார்கள். ஒரு மனிதன் உண்மை பேசினான் என்பதை இந்த ஊர் இவ்வளவு நாள் சிரித்துத் தீர்க்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு ஒரு பௌர்ணமி கூட்டமெல்லாம் ஓய்ந்த மறுநாள், அடி அண்ணாமலைக்குப் போனேன். ஆறுதல் சொல்லலாம் என்று நினைத்துப் போனேன். அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

“முழு வீடியோவையும் வாங்கிக் கேட்டேன்பா” என்றார். “மத்தவங்க சிரிச்ச எடம் இல்ல, அதுக்கு அப்புறம் வாசிச்சது. என் சத்தத்தை வெளிய இருந்து நான் கேட்டதே இல்ல. நான் வாசிக்கும்போது எனக்குக் கேக்கறது வேற, இது வேறயா இருக்கு. வெரல் வழுக்குது. சுருதியும் ஒரு எடத்துல கம்மி.”

“அப்ப அந்தம்மா பொய் சொன்னாங்களாண்ணா?”

“சேச்சே. செருப்பில்லாம நடந்து வந்த களைப்பு. டீயும் அன்னிக்கு நல்லா இருந்திருக்கும். கேட்டப்ப அப்படித் தோணியிருக்கும்.” வயலின் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த ‘விர்ச்சுவோசோ’ ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். பாதிச் சொல் போயிருந்தது. “நல்லவனா இருக்கணும்னு அந்த வார்த்தை சொல்லுது. நல்லவன் பொய் சொல்லக் கூடாது. அப்ப அந்த வார்த்தைய நான் போட்டுக்கறதே பொய்தானே? எக்கோகிட்ட சொல்லி பேனர்ல எடுத்துடச் சொல்லு. நான் திருப்பிக் குடுத்துட்டேன்.”

எனக்கு ஆத்திரமாக வந்தது. காசு கொடுத்து டாக்டர் பட்டம் வாங்கி, காரில் எழுதிக்கொண்டு திரிகிறவர்கள் இருக்கிற ஊரில், வீடு தேடி வந்த பட்டத்தைச் சுரண்டி எடுக்கிறாரே! “உனக்கு மட்டும் எதுக்குண்ணா இந்த நியாயமெல்லாம்?” என்று கத்திவிட்டேன். அவர் சிரித்தார். உள்ளேயிருந்து அண்ணி குரல் வந்தது: “நல்லாக் கேளு தம்பி! காலையில இருந்து அந்த வழுக்கற எடத்தையே இஸ்து இஸ்து வாசிச்சுக்கினு கெடக்கறாரு. ஒருத்தரும் கேக்கப் போறது இல்ல, இன்னாத்துக்கு?”

பேனரை எக்கோ அண்ணன் எடுக்கவில்லை. நல்ல பேனரை எறிய அவருக்கு மனம் வருமா? தன் மச்சானைக் கூட்டி வந்து அந்த நாற்காலியில் உட்கார வைத்தார். மச்சான் செல்போன் ரீசார்ஜ் கடைக்காரர். வயலினைத் தொட்டதே இல்லை; அது ஒரு குறையாகவும் இல்லை. பேனரில் இத்தாலியின் முகத்தின் மேல் மச்சானின் முகம் ஒட்டப்பட்டது. பட்டம் அப்படியே இருந்தது. ஒட்டிய இடத்துக்கு வெளியே இத்தாலியின் ஒரு காது மட்டும் தெரிந்தது.

முதல் நிகழ்ச்சியில் மச்சானை அறிமுகப்படுத்த வேண்டிய இடம் வந்தது. நான் ‘இன்னிசை மன்னன்’ என்றேன். எக்கோ அண்ணன் மேடை ஓரத்திலிருந்து பல்லைக் கடித்தார்.

“இன்னாபா, பேனர்ல இருக்கறதைப் படி!”

“வாயில நொழையலண்ணா” என்றேன்.

இன்றுவரை நுழையவில்லை. மச்சானுக்கு வேந்தர், மன்னர், சக்கரவர்த்தி என்று எது வேண்டுமானாலும் தருகிறேன். என்னிடம் மூட்டை மூட்டையாக இருக்கிறது. அந்த ஒரு சொல் மட்டும் கைவசம் இல்லை. அது அடி அண்ணாமலையில் ஒரு டீக்கடைக்குப் பின்னால் இருக்கிறது. திருப்பிக் கொடுத்துவிட்டதாக அந்த மனிதர் நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் இன்னும் வாங்கிக்கொள்ளவில்லை.